பூச்சு வேலைக்கு முன் பைப்பைப் பெரிதாகப் போடுங்கள்

கேள்வி: புது வீட்டு ஹாலில் 65 அங்குல 4கே டிவியைச் சுவரில் மாட்டப்போகிறோம். 5.1 ரிசீவரும் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) செட்டாப் பாக்ஸும் பக்கச் சுவர் அலமாரியில் இருக்கும். அங்கிருந்து டிவிக்குக் கேபிள் போகும் வழியை அளந்தால் 6 மீட்டர் வருகிறது. பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு ஃபால்ஸ் சீலிங் வழியாக 14 மீட்டர். ஸ்பீக்கரின் முதுகில் 6 ஓம் என்று போட்டிருக்கிறது. மகனிடம் பிளேஸ்டேஷன் 5 உண்டு. கடையில் தங்க முலாம் பூசிய 2 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று 6,500 ரூபாய் என்கிறார்கள். அதைப் போட்டால் படம் இன்னும் பளிச்சென்று இருக்குமாம். ஆப்டிகல் கேபிளே போதும் என்கிறார் என் தம்பி. எலக்ட்ரீஷியன் முக்கால் இஞ்ச் பைப் போட்டு, மிச்சமிருக்கும் வீட்டு ஒயரையே ஸ்பீக்கருக்கு இழுத்துவிடலாம் என்கிறார். அடுத்த வாரம் பூச்சு வேலை. எதை வாங்குவது, எதை விடுவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அடுத்த வாரம் பூச்சு என்கிறீர்கள். அப்படியானால் கேபிள் கடைக்குப் பிறகு போகலாம். இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

ஓர் எச்டிஎம்ஐ பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிவிக்குள் நுழையும் உலோக மூக்கு 14 மி.மீ. அகலம்தான். ஆனால் விரலால் பிடிக்கிற பிளாஸ்டிக் பகுதி 20 மி.மீ. அளவுக்கு வரும். முக்கால் இஞ்ச் பைப்பில் அது தலையைக்கூட நுழைக்காது. ஒரு இஞ்ச் பைப்பில் நேரான இடத்தில் உரசிக்கொண்டு போனாலும் முதல் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பலர் கேபிளைக் காடிக்குள் வைத்து, அதன் மேலேயே பூசிவிடுகிறார்கள். அந்தக் கேபிள் பழுதானால் சுவரை உடைப்பதைத் தவிர வழியில்லை. பழுதாகாவிட்டாலும் பழசாகும். எச்டிஎம்ஐயின் வேகம் 2013இல் நொடிக்கு 18 கிகாபிட், 2017இல் 48, 2025இல் 96 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நீங்கள் இந்த வீட்டில் இருக்கப்போகும் காலத்தில் இன்னும் இரண்டு முறையாவது கேபிள் மாற்றுவீர்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

ஒன்பது இஞ்ச் சுவராக இருந்தால் டிவிக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு இஞ்ச் பைப் போடுங்கள். நாலரை இஞ்ச் சுவரில் அவ்வளவு ஆழம் வெட்டக் கூடாது. ஒன்றரை இஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெல்லிய சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி வெட்டினால் சுவரின் பலம் போகும். டிவியிலிருந்து நேராகக் கீழே இறக்கி, தரையில் டைல்ஸுக்கு அடியில் கொண்டுபோய், அலமாரிக்கு மேலே ஏற்றுங்கள். வழி கொஞ்சம் நீளும், பரவாயில்லை. திருப்பங்களில் எல்போ வேண்டாம், லாங் பெண்ட் போடுங்கள். இரண்டு பெண்டுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பெட்டி வைத்தால்தான் கேபிளை இழுக்க முடியும். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். பின்னாளில் ஒரு கேபிளை இழுக்கும்போது அதோடு புதிய கயிறு ஒன்றையும் சேர்த்து இழுத்துவிட்டால் அடுத்த முறைக்கும் வழி தயாராக இருக்கும்.

டிவி பக்கத்துப் பெட்டி டிவி மறைக்கிற இடத்திற்குள், அதே சமயம் வால்மவுன்ட்டின் இரும்புத் தகட்டில் இடிக்காமல் வர வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்துக்குத் தனிப் பைப். சிக்னல் பைப்பும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோல நேர்க்குறுக்காக வெட்டிப் போகட்டும். இரண்டையும் ஒரே பைப்பில் விடுவதற்கு எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள். இரைச்சல் வரும் என்பது சின்ன விஷயம். ஒயரின் தோல் உரிந்தால் உயிருக்கே ஆபத்து.

இனி அந்த 6,500 ரூபாய் கேபிள். எச்டிஎம்ஐயில் போவது எண்களாக மாற்றப்பட்ட படம். எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் எந்தக் கேபிளிலும் படம் ஒன்றேதான். விலை கூடக் கூட நிறம் கூடாது, கறுப்பு ஆழமாகாது. கேபிள் சரியில்லை என்றால் படம் மங்கலாகாது. அது வேறு விதமாகத் தெரியும். கறுப்புக் காட்சியில் வெள்ளைப் பொட்டுகள் மினுமினுக்கும், அல்லது திரை இரண்டு மூன்று நொடி இருண்டுபோய்த் திரும்பி வரும், அல்லது ‘சிக்னல் இல்லை’ என்று வரும். அப்படி நடந்தால் பிளேயரை 1080பி-க்கு (ஃபுல் எச்டி) இறக்கிப் பாருங்கள். உடனே சரியானால் சந்தேகத்தை முதலில் கேபிள் மேல் வையுங்கள். 1080பி-க்கு நொடிக்கு 4.5 கிகாபிட் போதும். 4கே 60 ஃபிரேமுக்கு அது 18 ஆகிவிடுகிறது. பலவீனமான கேபிள் அங்கேதான் திணறும். தங்க முலாம் துருப்பிடிக்காமல் இருக்க உதவும், அது நல்லதுதான். அதைச் சில நூறு ரூபாய் கேபிளிலும் பூசித்தான் தருகிறார்கள்.

பெட்டியில் ‘2.1 கேபிள்’ என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேபிளுக்கு அப்படிப் பதிப்பு எண் கிடையாது, தரத்தின் பெயர்தான் உண்டு. ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றால் 18 கிகாபிட். ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48. இந்த இரண்டு தரத்துக்கும் பெட்டியின் மேல் ஒரு சான்றிதழ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதிலுள்ள கியூஆர் கோடை எச்டிஎம்ஐ நிர்வாகத்தின் செயலியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கலாம். அல்ட்ரா வகையில் கேபிளின் மேலுறையிலேயே தரத்தின் பெயர் அச்சாகியிருக்கும். இந்த அடையாளங்கள் உள்ள 2 மீட்டர் கேபிளை, உங்களுக்குச் சொன்ன விலைக்கு நாலைந்து வாங்கிவிடலாம்.

உங்கள் வீட்டில் கேபிளுக்குச் சோதனை வைப்பது அந்த 6 மீட்டர் தூரம்தான். சாதாரணச் செம்புக் கேபிளில் 48 கிகாபிட் 3 மீட்டர் வரை நம்பிக்கையாகப் போகும். 18 கிகாபிட்டானால் 5 மீட்டர் வரை கவலையில்லை. 6, 7 மீட்டரில் கேபிளுக்குக் கேபிள் வேறுபடும். ஆகவே ரிசீவரை டிவிக்கு நேர் கீழே ஒரு யூனிட்டில் வைக்க முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள். வைத்தால் 2 மீட்டரில் எல்லாம் முடிந்துவிடும். அலமாரிதான் என்று தீர்மானமாகிவிட்டால், பிளேஸ்டேஷனை மட்டும் டிவிக்குக் கீழே வைத்து, அதோடு பெட்டியில் வந்த கேபிளாலேயே நேராக டிவியில் செருகிவிடுங்கள். 120 ஃபிரேம் விளையாட்டுக்கு வேண்டிய வேகம் அந்தக் குட்டிக் கேபிளுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒலி மட்டும் இ-ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திரும்பிப் போகும். மிச்சமிருப்பது செட்டாப் பாக்ஸ் தருகிற 4கே 60. அதற்கு 6 மீட்டரில் 18 கிகாபிட் போதும்.

அந்த 6 மீட்டருக்குக் கண்ணாடியிழைக் கேபிளை வாங்கச் சொல்வோம். கடையில் ‘ஃபைபர் எச்டிஎம்ஐ’ என்று கேளுங்கள். அது மெல்லிசு, பைப்பில் சுலபமாகப் போகும், 10 மீட்டர் தாண்டினாலும் வேகம் குறையாது. மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை ரிசீவருக்கு, ‘டிஸ்ப்ளே’ முனை டிவிக்கு. மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது, மறுபடி உருவித்தான் ஆக வேண்டும். இரண்டாவது, இ-ஆர்க் வேலை செய்யும் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது, கூர்மையாக மடக்கினால் இழை உடையும். ஒரு டம்ளரின் வாயைவிடச் சின்ன வளைவு வேண்டாம்.

இழுப்பதற்கு முன் கேபிளைத் தரையில் விரித்து, டிவியையும் ரிசீவரையும் இணைத்து, ஒரு முழு 4கே எச்டிஆர் படத்தை ஓட்டிப் பாருங்கள். பைப்புக்குள் போன பிறகு தெரிகிற பழுதால் ஒரு நாள் வேலை வீணாகும். இழுக்கும்போது கயிற்றைப் பிளக்கில் கட்டாதீர்கள். பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேபிளின் உடம்பில் டேப் சுற்றிக் கட்டுங்கள். பிளக் சும்மா கூட வந்தால் போதும்.

டிவியில் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒன்றல்ல. ‘இ-ஆர்க்’ என்று எழுதியது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ரிசீவரிலிருந்து வரும் கேபிள் அதில்தான் போக வேண்டும். முழு வேகத்தையும் மெனுவில் திறந்துவிட வேண்டியிருக்கும். அந்த வசதியைச் சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மேட்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’ என்கிறார்கள். இது அணைந்திருந்தால் எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் பயனில்லை. கேபிள் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் இந்த மெனுவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தம்பி சொல்லும் ஆப்டிகல் கேபிள் (ஒலியை மட்டும் ஒளியாக அனுப்புவது) தப்பில்லை, ஆனால் 1983இல் வந்த ஏற்பாடு அது. இரண்டு சேனல் ஒலியோ, பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 ஒலியோ அதில் போகும். ஓடிடி தளங்கள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது, தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கவைக்கும் அட்மாஸும் போகாது. டிவி ரிமோட்டால் ரிசீவரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. உங்கள் ரிசீவரில் இ-ஆர்க் இருந்தால் ஆப்டிகல் தேவையில்லை.

ஸ்பீக்கர் ஒயரில் கணக்கு எளிது. ஒயரின் மின்தடை, போக வரச் சேர்த்து, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் 6 ஓமுக்கு அது 0.3 ஓம். 14 மீட்டர் தூரத்துக்குப் போக வர 28 மீட்டர் செம்பு. கடையில் ஸ்பீக்கரோடு இலவசமாகத் தரும் 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் அது 1 ஓமைத் தாண்டும். 1.5 ஸ்கொயரில் 0.37. 2.5 ஸ்கொயரில் 0.22. ஆகவே பின்பக்கத்துக்கு 2.5 ஸ்கொயர் வாங்குங்கள். முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு 10 மீட்டர் வரை 1.5 போதும். இடது வலது ஒயர்களின் நீளம் சமமாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில மீட்டர் வித்தியாசம் காதுக்குத் தெரியவே தெரியாது.

ஒயர் வாங்கும்போது ஒரு பிளேடு கொண்டு போங்கள். முனையை உரித்து ஒரு நரம்பைச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் சரி. வெள்ளையாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அப்போது 2.5 ஸ்கொயர் என்று வாங்கியதும் 0.3 ஓம் எல்லையைத் தாண்டிவிடும்.

எலக்ட்ரீஷியன் சொல்லும் வீட்டு ஒயர் செம்பாக இருந்தால் மின்சாரக் கணக்குப்படி தாராளமாக வேலை செய்யும். அங்கே வேறு ஒரு கவலை இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து வேறொருவர் ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து, சிவப்பும் கறுப்புமாக ஓடும் அந்த ஒயரை மின்விளக்கு ஒயர் என்று நினைத்து 230 வோல்ட்டில் சேர்த்துவிடலாம். ரிசீவரும் ஸ்பீக்கரும் கருகும், ஆளுக்கும் ஷாக் அடிக்கும். தனியாகத் தெரிகிற இரட்டை ஒயராகப் போட்டு, இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

இணைக்கும்போது ஒரு சென்டிமீட்டர் உரித்தால் போதும். நரம்புகளை இறுக முறுக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நரம்பு பக்கத்துத் திருகைத் தொட்டாலும் ரிசீவர் தானாக அணைந்துவிடும். ஒயர் முனையில் ‘பனானா பிளக்’ போட்டால் இந்தத் தொல்லை இல்லை. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் ஒலி வரும், ஆனால் பாஸ் காணாமல் போகும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.

சப்வூஃபருக்கு நல்ல உறை போட்ட ஆர்சிஏ கேபிள் ஒன்று போதும். அதில் ‘உம்ம்’ என்று ஓயாத ரீங்காரம் வந்தால் செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் காரணம் எர்த் சுழற்சி, அதாவது வெவ்வேறு இடத்தில் எர்த் ஆன சாதனங்களுக்கு நடுவே கேபிள் வழியாகச் சுற்றிவரும் மின்னோட்டம். எல்லாச் சாதனங்களையும் ஒரே மூன்று பின் பாயிண்டிலிருந்து எடுங்கள். அதிலும் தீராவிட்டால் சப்வூஃபரின் ஆர்சிஏ கேபிளில் அந்தச் சுழற்சியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போடுங்கள். டிஷ் கேபிளில் போடக் கூடாது: கூரையிலுள்ள டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்தால் சேனலே வராது. எர்த் பின்னை ஒடித்து ரீங்காரத்தை நிறுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது உங்கள் வீட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றுகிற பின்.

பைப் திறந்திருக்கும்போதே டிவி இருக்கும் இடத்துக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிளும் இழுத்துவிடுங்கள். வைஃபை தடுமாறும் நாளில் உதவும். பூச்சுக்காரர் வருவதற்கு முந்தின நாள், டேப்பைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, பைப் போகும் ஒவ்வொரு சுவரையும் எண்கள் தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். வால்மவுன்ட்டுக்குத் துளை போட வருகிறவரிடம் முதலில் அந்தப் படங்களைக் காட்டுங்கள்.