அழகுக்கு ஏது சர்வே எண்?

மண்ணும் மனையும்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் ஊருக்குள் நுழையும்போது ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் ஊருணி, நடுவே பனையும் பொட்டலுமாக அவ்வளவு அழகாக இருக்கும். இப்போது பொட்டலில் மஞ்சள் கல் நட்டுக் கொடி கட்டிவிட்டார்கள். கொடைக்கானல் பக்கம் இருப்பதுபோல எங்களுக்கும் ஏதாவது கட்டுப்பாடு கொண்டுவர முடியாதா?
– வாசகி, ஆத்தங்குடி அருகே

ஆச்சி, நீங்கள் சொல்வது ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடு. மலைக்கிராமங்களுக்காக 1990-ல் வந்த ஏற்பாடு, வானம் பார்த்த நம் சமவெளிக்கு வராது. 'ஊர் அழகு கெடுகிறது' என்று மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஊரமைப்பு அலுவலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அங்கே செல்லுபடியாவது சர்வே எண்தான்.

பொட்டல் பட்டா நிலம் என்றால் விற்பது உடையவர் உரிமை. மகள் கல்யாணத்துக்கு விற்பவரை ஊர் அழகுக்காக நிறுத்து என்பது நியாயமும் இல்லை. ஆனால் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்கியாக வேண்டும். அதை முதலில் விசாரியுங்கள்.

எனக்குக் கவலை, ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான். ஊருணியை யாரும் பட்டப்பகலில் மூடுவதில்லை. மனைக்குச் சாலை போடும்போது வரத்துக்கால் மேலேயே கிராவலைக் கொட்டி ரோலர் விடுவார்கள். கொஞ்சம் நல்ல மனசுக்காரர் என்றால் ஒரு குழாயைப் புதைப்பார். ஐப்பசி மழையில் செத்தையும் பிளாஸ்டிக் பையும் வந்து அதை அடைத்துக்கொள்ளும். அப்புறம் செம்புறாங்கல் படித்துறை காய்ந்து கிடக்கும். 'இதில்தான் தண்ணீரே நிற்பதில்லையே, பேருந்து நிறுத்தம் கட்டினால் என்ன?' என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

இன்னொரு சிக்கல். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் வந்த சட்டம் பொதுப்பணித் துறை வசம் இருந்த நீர்நிலைகளுக்குத்தான். நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது, ஊருணி ஊராட்சியுடையது. அவற்றுக்கு நீங்கள்தான் காவல். துணைக்கு, 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது. ஊர்ப் பொது நிலத்தில் ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்ட தீர்ப்பு அது.

ஆகவே, கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்வது) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். ஊருணி, வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாவற்றின் எண்ணையும் பரப்பையும் எழுதிக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். 'வரத்துக்கால் மேல் சாலை போட்டால் அதன் முழு அகலத்துக்கும் பாலம் வேண்டும்' என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும். எதற்கும் உதவாத மூலையைத்தான் தள்ளிவிடுவார்கள். அதை ஊருணிக் கரையை ஒட்டிக் கேளுங்கள்.

தீர்மானம், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் ஊரமைப்பு இயக்ககத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கோப்பில் ஏறிவிட்டால் அதிகாரி அதைத் தாண்டிக் கையெழுத்துப் போட யோசிப்பார். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிச் சுற்றுவட்டார மக்கள் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகக் கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள், மதுரைக்குப் பேரணியாகவும் போனார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

செட்டிநாடுதான் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?
– வாசகர், தேவகோட்டை

2014-ல் சேர்ந்தது தற்காலிகப் பட்டியலில், அதாவது பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படக் காத்திருக்கும் வரிசையில். அதை வைத்து ஒரு லாரி கிராவலைக்கூட நிறுத்த முடியாது.

எங்கள் ஊரைக் காரைக்குடி மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். கிராம சபையே இல்லையே, என்ன செய்வது?
– வாசகர், காரைக்குடி

முழுமைத் திட்டத்தைக் கவனியுங்கள். எந்த நிலம் விவசாயம், எது குடியிருப்பு, எது தொழில் என்று நிறம் தீட்டி வைப்பது அந்த வரைபடம்தான். 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவு வெளியானதும் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழிலும் வரும். பேப்பரில் டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். உங்கள் ஊர்க் கண்மாயின் எண் நீர்நிலை என்று வரைபடத்தில் இருக்கிறதா, வரத்துக்கால் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து எழுத்தில் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடாமல் தனித்தனியாகக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.