கால்சியம் குறைந்தால் கை ஏன் இழுத்துக்கொள்கிறது?

கேள்வி: தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் என் தாயாருக்கு இரத்தத்தில் கால்சியம் குறைந்து, விரல்கள் தாமாகவே மடங்கி இறுகிக்கொண்டன. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பக் கால்சியம் தேவை என்கிறார்கள். அது குறைந்தால் கை துவண்டல்லவா போக வேண்டும்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நுண்பைகளில் அடைபட்டிருக்கிறது. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறக்கின்றன; வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி என்பதால் அது பாய்ந்து நுழைந்து, நுண்பையின் மேலுள்ள சினாப்டோடேக்மின் என்ற புரதத்துடன் இணைய, பை நரம்பு முனையின் சவ்வோடு கலந்து அசிட்டைல்கோலினைத் தசையின் பக்கம் கொட்டிவிடுகிறது. மின்தூண்டலுக்குச் சற்று முன்பே கால்சியம் வெளியே இருந்தாக வேண்டும், பிந்தி வந்தால் பயனில்லை என்பதைப் நரம்பியல் ஆய்வாளர்கள் பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும் 1960களில் தவளைத் தசையில் காட்டினர். செறிவு மிகக் குறைவாக உள்ள நிலையில் கால்சியம் பாதியானால், அசிட்டைல்கோலின் வெளிப்பாடு ஏறத்தாழ 16இல் ஒரு பங்காகவே சுருங்கிவிடும்.

ஆனால் கால்சியத்திற்கு இன்னொரு வேலையும் உண்டு. பாடநூல்கள் அதை வேறோர் அத்தியாயத்தில் ஒதுக்கிவிடுவதே குழப்பத்திற்குக் காரணம் என்பது என் எண்ணம். நரம்பிழையின் வெளிப்புறத்தில் உள்ள கால்சியம், சோடியம் வாயில்கள் எளிதில் திறந்துவிடாதபடி கட்டுப்படுத்துகிறது. தைராய்டை ஒட்டி அமைந்து இரத்தக் கால்சியத்தின் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அறுவையின்போது பாதிக்கப்பட்டு இரத்தக் கால்சியம் இறங்கினால், அக்கட்டுப்பாடு தளர்ந்து, மூளையின் கட்டளை இல்லாமலே நரம்பு அடுத்தடுத்துத் துடிக்கத் தொடங்கும். நரம்பு முனையிலோ, தசையைச் சுருக்கத் தேவையானதைவிடப் பன்மடங்கு அசிட்டைல்கோலின் ஒவ்வொரு துடிப்பிலும் வெளிப்படுவது வழக்கம். ஆகையால் நோயாளியிடம் காணும் அளவு கால்சியக் குறைவால் அந்த வெளிப்பாடு சற்றுக் குறைந்தாலும் செய்தி தடைபடுவதில்லை. விரல்கள் இறுகியது இதனால்தான். சிரை (இரத்தக் குழாய்) வழியே கால்சியம் குளுக்கோனேட் செலுத்துவதும் இதற்காகவே.

நீங்கள் எதிர்பார்த்த துவளல் மக்னீசியம் மிகும்போது நேர்கிறது. கர்ப்பகால வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் தரும் மருத்துவர்கள் முழங்கால் அனிச்சையை அடிக்கடி தட்டிப் பார்ப்பார்கள். மக்னீசியம் அளவு மீறினால் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவது தடைபட்டு, முதலில் அந்த அனிச்சை மறையும், பிறகு மூச்சுத் தசைகளும் தளரும். அதற்கு மாற்று மருந்தும் அதே கால்சியம் குளுக்கோனேட்தான்.