பால் குடித்ததும் பாப்பாவுக்கு விக்கல்: தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. பால் குடித்து முடித்ததும் விக்கல் வந்துவிடுகிறது. சில நேரம் பத்து நிமிடம் ஆனாலும் நிற்பதில்லை. பகலில் தாய்ப்பால், இரவில் ஒரு வேளை மட்டும் புட்டிப்பால். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தால் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? விக்கும்போது அவளுக்கு வலிக்குமா?

பதில்: தண்ணீர் வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்கு வேண்டிய தண்ணீர் பாலிலேயே இருக்கிறது. தண்ணீரால் வயிறு நிறைந்தால் பால் குடிப்பது குறையும். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைகூடப் போகலாம். ஒரு ஸ்பூனில் அப்படி ஆகாதுதான். ஆனால் நாளுக்கு நாலைந்து தடவை விக்கும் குழந்தைக்கு அது ஒரு ஸ்பூனோடு நிற்பதில்லை. தேனும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

வலிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வலிக்காது. அடுத்த முறை விக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டாலும் அவள் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள், சில சமயம் தூங்கியே போவாள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிற்றுக்குள் ஒரே சீராகத் துடித்ததை நீங்கள் உணர்ந்திருக்கலாம். அதுவும் பெரும்பாலும் விக்கல்தான். 2019இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், பிறந்த குழந்தைகள் 13 பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு விக்கலுக்கும் மூளையில் அலைகள் எழுந்தன. மூச்சுத் தசைகளைக் கட்டுப்படுத்த மூளை இப்படிக் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கருத்து.

சரி, பால் குடித்ததும் ஏன் வருகிறது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. பாலும் காற்றும் சேர்ந்து இரைப்பை உப்பும்போது இந்தத் தசை தூண்டப்பட்டுச் சட்டென்று சுருங்குகிறது. உள்ளே பாயும் மூச்சைக் குரல்வளை மூடித் தடுக்கும்போது வரும் சத்தம்தான் விக்கல்.

ஆகவே, விக்கலை நிறுத்துவதைவிட காற்று உள்ளே போவதைக் குறைப்பதுதான் முக்கியம். முதலில் அந்த இரவுப் புட்டியைக் கவனியுங்கள். அதைக் கவிழ்த்துப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். நூல் பிடித்ததுபோல் ஒழுகினால் நிப்பிளின் துளை பெரிது, மாற்றிவிடுங்கள். கொடுக்கும்போது குழந்தையின் தலை உயர்ந்திருக்கட்டும், நிப்பிள் முழுக்கப் பால் நிறைந்திருக்கட்டும். பசியில் வீறிட்டு அழும்வரை காத்திருக்காதீர்கள். அழுகையோடு அவசரமாகக் குடிக்கும்போதுதான் காற்றை நிறைய விழுங்குகிறார்கள். தாய்ப்பால் என்றால் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் மாற்றும்போது ஏப்பம் விடச் செய்யுங்கள். தோளில் போட்டுத் தட்டலாம், அல்லது மடியில் உட்காரவைத்துத் தாடையைத் தாங்கிக்கொண்டு முதுகைத் தடவலாம். தொண்டையில் கை அழுந்தக் கூடாது. குடித்து முடித்ததும் 20 நிமிடமாவது நிமிர்த்திப் பிடித்திருங்கள். அப்புறம் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

நடுவில் விக்கினால் பாலை நிறுத்தி, ஏப்பம் விடவைத்துக் கொஞ்சம் பொறுங்கள். விக்கல் நிற்காமலே பால் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். திடுக்கிட வைப்பது, நாக்கை இழுப்பது, உச்சிக்குழியை அழுத்துவது எதுவும் வேண்டவே வேண்டாம்.

பால் நன்றாகக் குடிக்கிறாள், எடை கூடுகிறது என்றால் லேசாகக் கக்கினாலும் பயமில்லை. விக்கலோடு முதுகை வளைத்து அழுவது, பாலை மறுப்பது, எடை ஏறாமல் இருப்பது, விக்கல் மணிக்கணக்கில் நீடிப்பது, இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலும், மூச்சுத் திணறினாலும், உதடு நீலமானாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.