வாசகர் கேள்வி பதில்: படம் எடுத்தபின் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் குப்பத்து இளைஞர்கள் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் படியும்போதெல்லாம் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். இரண்டு நாள் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாம் நாள் அடங்கிவிடுகிறது. இதனால் ஏதாவது மாறும் என்று நம்பலாமா?
– ஒரு வாசகி, எர்ணாவூர்

பதில்: நம்பலாம். ஆனால் அந்தப் படம் குழுவோடு நின்றுவிடாமல், தேதியும் இடமும் குறித்த மனுவாகி, ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் எண் பெற்றாக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, கொசஸ்தலை கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்துப்போனதை நீங்கள் கண்ணாரப் பார்த்திருப்பீர்கள். மீனவர்கள் அதை வாளியிலும் குவளையிலும் அள்ளிய காட்சி நாடெங்கும் பரவியது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் தானாகவே விசாரணையைத் தொடங்கியது. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகப் படியும் சாம்பலை அப்படி யாரும் தேடி வந்து பார்ப்பதில்லை. அதற்கு உங்கள் பிள்ளைகள் பொறுமையாகச் சேர்க்கும் பதிவுதான் துணை.

முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் நேரமும் இடமும் அழிந்துபோகின்றன. ஆகவே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், எடுத்தவரின் கைபேசியில் உள்ள மூலப்படத்தை எக்காரணம் கொண்டும் அழிக்கவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழுக்கு அந்த மூலப்படமே ஆதாரம். மனுவை உரிய இடத்துக்கு அனுப்புவதும் முக்கியம்: 1913 என்பது சென்னை மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண், ஆற்றில் கழிவு கலப்பதையோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத வேண்டும். அதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தை நாட 6 மாதக் காலவரம்பு உண்டு என்பதால், பதிலுக்காகக் காத்திருந்தே காலத்தைக் கழித்துவிடாதீர்கள்.

காகிதத்தின் வலிமைக்கு உங்கள் கழிமுகமே சான்று. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்த பெரும்பகுதி, பின்னர் மாநில அரசுத் தரப்பு அளித்த வரைபடத்தில் காணாமல் போயிருந்ததை, 2017இல் செயற்பாட்டாளர்கள் இதே தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டுதான் வெளிக்கொணர்ந்தார்கள். ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. தாளில்தான் அது இல்லை.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். கைபேசி காட்டுவது நீரின் மேற்பரப்பை மட்டுமே. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் வலை வீசும் பெரியவர்களுக்கும்தான் அடியில் என்ன படிந்திருக்கிறது, எந்த மீன் வருவது நின்றுபோனது என்பது தெரியும். பிள்ளைகள் மாதம் ஒருநாள் அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கட்டும். அடுத்த மனுவில் படத்தோடு அந்தப் பக்கத்தின் நகலையும் இணையுங்கள்.