காரை அப்புறம் பார்க்கலாம், முதலில் டயரை முடிவு செய்யுங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மிசிசாகாவில் வீடு, கிச்சனரில் வேலை, தினமும் 401 நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும், ஓட்டினால் விறுவிறுப்பாக இருக்கும் கார் ஒன்று வேண்டும் என்று தம்பி எழுதியிருக்கிறீர்கள். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் மாதிரி ஆல்-வீல் டிரைவ் (நான்கு சக்கரத்தையும் இன்ஜின் இயக்குவது) எடுப்பதா, ஹோண்டா சிவிக் டைப் ஆர் அல்லது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ மாதிரி ஃபிரண்ட்-வீல் டிரைவ் (முன்சக்கரங்களை மட்டும் இயக்குவது) போதுமா என்பது கேள்வி. கூடவே லைசன்ஸ், இன்சூரன்ஸ், மறுவிற்பனை என்று இன்னும் நாலைந்து கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்கிறேன். "பனிக்கு ஆல்-வீல்தான் பாதுகாப்பு, டயரெல்லாம் வீண்செலவு என்று இங்கே இருக்கிற நம் ஆட்கள் சொல்கிறார்கள்" என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை நானும் வந்த புதிதில் கேட்டிருக்கிறேன். நான் கனடாவில் இறங்கியது ஒரு ஜனவரியில். கார் இல்லை, பஸ்ஸும் சரியாக இல்லை. கூட வேலை பார்த்த ஒருவரின் ஆல்-வீல் எஸ்யூவியில் நாங்கள் சிலர் சேர்ந்து பேரி பக்கம் வேலைக்குப் போவோம். "இது ஆல்-வீல், எந்தப் பனிக்கும் அசையாது" என்று அவர் தினமும் சொல்வார். வண்டியில் இருந்தது தேய்ந்த ஆல்-சீசன் டயர், அதாவது எல்லாப் பருவத்துக்கும் பொதுவான சாதாரண டயர். ஒரு காலை நெடுஞ்சாலை 400-லிருந்து வெளியேறும் வளைவில் அவர் பிரேக்கை மிதித்தார், வண்டி நேராகப் போய்ப் பனிக்குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. இழுவை வண்டி வரும்வரை, ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய ஜாக்கெட்டோடு சாலையோரம் நின்ற குளிர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் அதற்குப் பிறகும் டயர் மாற்றவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் இன்றைக்கும் அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நம்மவர்களிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் இது. பத்துக் குளிர்காலம் விபத்தில்லாமல் தப்பியதை ஓட்டத் தெரிந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொண்டு, நேற்று வந்தவருக்கு அறிவுரை சொல்கிறார்கள்.

விஷயம் எளிதானது. இன்ஜினின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போனால் வண்டி வழுக்காமல் புறப்படும், மேடேறும், வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இழுத்துக்கொண்டு போகும். ஆல்-வீல் செய்யும் உதவி இவ்வளவுதான். பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும் இருக்கிறது. நிற்பதும் திரும்புவதும் டயரின் ரப்பர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பொறுத்தவை. எவ்வளவு பலமான காலாக இருந்தாலும் தேய்ந்த செருப்பு வாரித்தான் விடும். ஆல்-வீலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபிரண்ட்-வீல் வண்டி சிக்னலில் புறப்படும்போதே முன்சக்கரம் சுற்றி, ஸ்டியரிங் லேசாகி, சாலை வழுக்குகிறது என்று நமக்குச் சொல்லிவிடும். ஆல்-வீல் அதை மறைத்துவிடும். நல்ல சாலை என்று நம்பி வேகம் எடுத்திருப்போம், முதல் பிரேக்கில்தான் உண்மை தெரியும்.

நான் பின்னாளில் ஒரு குளிர்கால ஓட்டுநர் பயிற்சிக்குப் போனேன். குளிர்காலத்துக்கென்றே செய்த விண்டர் டயர் போட்ட சின்ன ஃபிரண்ட்-வீல் காரையும் ஆல்-சீசன் டயர் போட்ட ஆல்-வீல் காரையும் ஒரே வேகத்தில் ஓட்டி ஒரே இடத்தில் பிரேக் போடச் சொன்னார்கள். சின்னக் கார் நின்ற இடத்தைத் தாண்டி மற்றது போய்க்கொண்டே இருந்தது. வகுப்பில் இருந்த எல்லோரும் அமைதியாகிவிட்டோம். முடிந்தால் முதல் பனிக்காலத்திலேயே அப்படி ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விடுங்கள். காருக்குப் போடும் எந்த அலங்காரப் பொருளைவிடவும் அது அதிகம் பயன் தரும்.

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதனால் பனியே இல்லாத, காய்ந்த, குளிர்ந்த சாலையிலும் அதற்குப் பிடி அதிகம். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் நடுவில் பனிப்பூவும் (ஸ்னோஃபிளேக்) இருக்கிற முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். டயரின் பட்டன் ஆழம் (தரையைத் தொடும் பக்கத்திலுள்ள பள்ளங்களின் ஆழம்) 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் பனிச் சாலைக்கு அதை நம்பக்கூடாது. கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனாலும் விண்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தரவேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் சிலர் தருவதில்லை.

விறுவிறுப்பான காருக்கு இது இன்னும் முக்கியம். டைப் ஆர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 19 அங்குல ரிம்மில் அகலமான கோடை டயரோடு வருகிறது. உறைகுளிரில் அந்த ரப்பரில் வெடிப்பே விழலாம் என்று டயர் செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்காலத்துக்குத் தனியாக ஒரு செட் ரிம் வாங்குங்கள், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் காலிப்பரில் (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) இடிக்காத அளவுக்கு ஒரு அளவு சிறியதாக. டயரின் பக்கச்சுவர் கொஞ்சம் உயரமாகும். மார்ச்சில் பனி உருகிச் சாலையெல்லாம் குழியாகும்போது ரிம்மும் தப்பிக்கும்.

சரி, கார். உங்கள் வழி 401. பனியைத் தள்ளும் கலப்பை வண்டியும் அதை உருக்கும் உப்பும் முதலில் வருகிற சாலை அது. மில்டன் தாண்டியதும் திறந்தவெளியில் காற்று பனியை அள்ளி வீசும், பாலங்களின் மேல் முதலில் உறையும், கடுங்குளிரில் உப்பும் வேலை செய்யாது. அப்படிப்பட்ட நாட்களில் எந்த டிரைவ் இருந்தாலும் வேகம் குறைக்க வேண்டியதுதான். இந்தப் பயணத்துக்கு நான் ஃபிரண்ட்-வீலைத்தான் சொல்வேன், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்குச் சக்தி போகச் செய்யும் அமைப்பு) இருக்கிறதாகப் பார்த்து எடுங்கள். டைப் ஆர், சிவிக் எஸ்ஐ, எலான்ட்ரா என், ஜிடிஐ எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் அது உண்டு. அது இல்லாத அதிகச் சக்தி வண்டியில் மிதித்தால் ஒரு சக்கரம் வீணாகச் சுற்றும், ஸ்டியரிங் கையை இழுக்கும். 315 குதிரைத்திறனை முன்சக்கரத்தில் மட்டும் வைத்து ஹோண்டா டைப் ஆரை இவ்வளவு அடக்கமாகச் செய்திருப்பது எனக்கு இன்றும் பிரமிப்பு.

ஆல்-வீலைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருந்தவன். மழையில் நனைந்த சந்திப்பில் இடதுபுறம் திரும்பி வேகமெடுக்கும்போது அது தரும் நிம்மதியை எந்த ஃபிரண்ட்-வீலும் தராது. வீடு பேரி, ஓரிலியா பக்கம் என்றால், செங்குத்தான டிரைவ்வே என்றால், கலப்பை வருவதற்கு முன் அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆல்-வீல் எடுங்கள், விண்டர் டயரோடு. செலவையும் தெரிந்துகொண்டு எடுங்கள். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் சுற்றளவு வேறுபட்டு, நடுவிலுள்ள டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ ஓய்வில்லாமல் உரசிச் சூடாகும். ஒரு டயர் கிழிந்ததற்கு நான்கையும் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். எடையும் கூடும்: ஆல்-வீல் உள்ள கோல்ஃப் ஆர், ஜிடிஐயைவிட ஏறக்குறைய நூறு கிலோ அதிகம். வருடம் முழுவதும் தினமும் போய்வருகிறவருக்கு அது பெட்ரோலில் தெரியும். பழைய ஆல்-வீல் வாங்கினால் நான்கு டயரின் ஆழத்தையும் அளந்து பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

மற்ற கேள்விகள். ஊரில் ஓட்டிய அனுபவத்தை லைசன்ஸுக்குக் கணக்கில் எடுக்க என்ன சான்று வேண்டும் என்பதை லைசன்ஸ் தேர்வு நடத்தும் டிரைவ்டெஸ்ட் நிலையத்திலேயே கேளுங்கள், விதி மாறலாம். இன்சூரன்ஸ் தொகையைக் காரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள், காருக்குக் கட்டும் மாதத் தவணையை அது மிஞ்சலாம். தெரிந்தவர் வீட்டு முகவரியைக் கொடுத்துத் தொகையைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கிளெய்ம் வரும் நாளில் நடுத்தெருவில் நிற்பீர்கள். மறுவிற்பனையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

இந்த மாதிரிக் கார் வைத்திருக்கும் நம் பையன்கள் சிலர் சாலையில் காட்டும் வேகம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இங்கே வரம்பைவிட மணிக்கு 50 கிலோமீட்டர் அதிகமாகப் போனால், 80-க்குக் கீழ் வரம்புள்ள சாலையில் 40 அதிகமாகப் போனாலே, அது ஸ்டன்ட் டிரைவிங் என்ற குற்றம். லைசன்ஸ் அந்த இடத்திலேயே 30 நாள் முடங்கும், வண்டி 14 நாள் போலீஸ் பிடியில். குற்றம் உறுதியானால் அபராதம் 2,000 டாலரில் தொடங்கும். புதிதாக வந்தவரின் இன்சூரன்ஸ் அதிலிருந்து மீள வருடங்கள் ஆகும். அப்புறம், கண்ணாடியில் கையகலம் மட்டும் பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள். கூரைப் பனியையும் சேர்த்துத் தள்ளுங்கள், நாம் பிரேக் போட்டால் அது நம் முன்கண்ணாடியில் சரியும், வேகமெடுத்தால் பின்னால் வருகிறவர் கண்ணை மறைக்கும்.

என் முதல் சொந்தக் கார் ஒரு பழைய கொரோலா. சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலில் வாங்கியது அதற்கு நான்கு விண்டர் டயர். அந்த வருடப் பனிப்புயலில், ஓரமாகச் சிக்கி நின்ற பெரிய வண்டிகளைக் கடந்து நெடுஞ்சாலை 400-இல் மெதுவாக வீடு வந்து சேர்ந்தபோது, இந்த நாட்டில் பிழைத்துக்கொள்வேன் என்று முதல் முறையாகத் தோன்றியது. இப்போது ஓட்டுவது ஜிடிஐ, மேனுவல். 2025 மாடலிலிருந்து வட அமெரிக்காவில் ஜிடிஐக்கும் கோல்ஃப் ஆருக்கும் மேனுவல் கியரை நிறுத்திவிட்டார்கள், அதனால் இதை விற்கிற எண்ணம் இல்லை. டயரை வருடம் இருமுறை நானே மாற்றுகிறேன். டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) நட்டை முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபார்ப்பேன். மகள் நட்டுகளை எடுத்துக் கொடுப்பாள்.

கடையில் மாற்றுவதாக இருந்தால் அக்டோபரிலேயே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள், முதல் பனி விழுந்த பிறகு இடம் கிடைக்காது. நீங்களே மாற்றக் கற்றுக்கொள்ள விருப்பம் இருந்தால், நான் மில்டனில்தான் இருக்கிறேன், உங்கள் வழியில்தான். நவம்பர் முதல் வாரம் எனக்கு மாற்றுவேன். ஒரு சனிக்கிழமை காலை உங்கள் வண்டியையும் கொண்டுவாருங்கள், ஜாக்கி எங்கே வைப்பது என்பதிலிருந்து காட்டித் தருகிறேன்.