படபடப்பு எல்லாமே பதற்றம்தானா?

கேள்வி: எனக்கு வயது 24. கடந்த ஓராண்டாக, மாதத்துக்கு ஓரிரு முறை நெஞ்சு காரணமின்றிப் படபடவென அடித்துக்கொள்கிறது. கடைசியாக, கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்தபோது தொடங்கி, இருபது நிமிடம் கழித்துச் சட்டென நின்றது. கழுத்திலும் துடிப்பு தெரிந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடுகிறது. இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். "பதற்றம்தான், கவலைப்படாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதை அப்படியே விட்டுவிடலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: விட்டுவிட வேண்டாம். அதே சமயம், பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். படபடப்பு எவ்வளவு வேகமாக இருந்தது என்பதைவிட, அது எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்பதுதான் மருத்துவருக்கு அதிகம் உதவும். அந்த விவரத்தை நீங்கள் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிக்கும். இந்த வேகத்தை வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு தீர்மானிக்கிறது. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, உடலில் நீர் குறைதல், தூக்கமின்மை, அளவு மீறிய காபி, மனப்பதற்றம் ஆகியவை அந்தக் கணுவையே முடுக்கிவிடுகின்றன. அப்போது துடிப்பு படிப்படியாக ஏறும், படிப்படியாகவே தணியும். இளம்வயதினரின் படபடப்பில் பெரும்பகுதி இந்த வகைதான். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்திருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை; பார்க்காவிட்டால் முதலில் அவற்றைச் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் விவரிப்பது ஸ்விட்சைப் போட்டு அணைத்ததுபோலத் தொடங்கி முடிகிறது. இது எஸ்.வி.டி. எனப்படும் மேலறை சார்ந்த மிகைத்துடிப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள ஏ.வி. கணுவிலோ அதற்கு வெளியிலோ கூடுதலாக ஒரு மின்பாதை அமைந்திருந்தால், மின்தூண்டல் கீழே இறங்கிப் போவதோடு முடியாமல், அங்கேயே திரும்பத் திரும்பச் சுற்றத் தொடங்கிவிடும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை துடிக்கும். குனிவது போன்ற சாதாரண அசைவுகூட அதைத் தூண்டலாம். மேலறையும் கீழறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்குவதால் ரத்தம் கழுத்திலுள்ள ரத்தக்குழாய்களுக்குள் (சிரைகளுக்குள்) எதிர்த்துத் தள்ளப்படுகிறது. கழுத்தில் துடிப்பு தெரிவது அதனால்தான். படபடப்பு அடங்கியதும் சிறுநீர் அதிகமாகப் போகிறதா என்றும் கவனியுங்கள். அதுவும் இந்த வகையில் காணப்படும் ஒன்று.

இதயம் இப்படி ஓடும்போது யாருக்கும் வியர்க்கும், கை நடுங்கும், பயம் வரும். அந்தப் பயத்தையே காரணமாக எடுத்துக்கொண்டு பதற்ற நோய் என்று எழுதிவிடுவது, குறிப்பாக இளம்பெண்களின் விஷயத்தில், அடிக்கடி நடக்கிறது. துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஒரு பதிவுகூட இல்லாமல் அந்த முடிவுக்கு வருவது அவசரப்படுவதே என்பது என் உறுதியான கருத்து. சாதாரண இசிஜி பத்து விநாடி நேரத்தைத்தான் பதிவு செய்கிறது. எக்கோ இதயத்தின் அமைப்பைக் காட்டுமே தவிர, மின்பாதையைக் காட்டாது. இருந்தாலும் அந்தப் பழைய இசிஜியை இதயநோய் நிபுணர் ஒருவர் மறுபடி பார்ப்பது நல்லது. 1930இல் விவரிக்கப்பட்ட உல்ஃப்-பார்க்கின்சன்-ஒயிட் நிலை (ஏ.வி. கணுவுக்கு வெளியே பிறவியிலேயே கூடுதல் மின்பாதை இருப்பது) இருந்தால், படபடப்பு இல்லாத நேரத்திலும் அதில் அடையாளம் தெரியக்கூடும். அதைத் தவறவிடக் கூடாது.

மாதம் ஓரிரு முறை வருவதை 24 மணி நேரம் உடலில் பொருத்தி எடுக்கும் ஹோல்டர் இசிஜி பதிவில் பிடிப்பது கடினம். சில வாரங்கள் அணியும் பதிவுக்கருவி கிடைக்குமா என்று கேளுங்கள். இசிஜி எடுக்கும் கைக்கடிகாரத்தின் பதிவும் பயன்படும். எதுவும் இல்லையென்றால், படபடப்பு தொடங்கியதும் அருகில் எங்கே இசிஜி எடுப்பார்களோ அங்கே துணையுடன் போங்கள். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். நிலைமை அனுமதித்தால், துடிப்பை அடக்கும் ஊசி போடுவதற்கு முன்பே இசிஜி எடுக்கச் சொல்லி, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்.வி.டி. என்று உறுதியானால், மூச்சை அடக்கி முக்கும் வால்சால்வா முறையை மருத்துவரிடமே கற்றுக்கொள்ளலாம். பாதி சாய்ந்த நிலையில் 15 விநாடி முக்கி, உடனே மல்லாந்து படுத்துக் கால்களை 15 விநாடி உயர்த்திப் பிடிக்கச் செய்தபோது 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது. இப்படிப் படுத்துக் கால் உயர்த்தாத பழைய முறையில் 17 சதவீதம் பேருக்குத்தான் சீரானது என்று 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. கழுத்தை அழுத்துவது, கண்ணை அழுத்துவது போன்றவற்றை நீங்களாகச் செய்யாதீர்கள். அடிக்கடி தொல்லை தந்தால், தொடைவழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தப் பாதையைச் சுட்டு அணைக்கும் அப்லேஷன் இருக்கிறது. மார்பைத் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஏ.வி. கணு பாதிக்கப்பட்டுப் பேஸ்மேக்கர் தேவைப்படும் சிறிய அபாயம் உண்டு என்பதால், அவசியமா என்பதை நிபுணருடன் கலந்து முடிவெடுங்கள்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தாலோ, அது தானாக அடங்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாரேனும் 40 வயதுக்குள் திடீரென இறந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.