காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்கு எப்படி மேலே ஏறுகிறது?

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. இதயம் தள்ளும் விசை தமனிகளிலும், முடியைவிட மெல்லிய தந்துகிகளிலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சிரைக்கு வரும்போது அழுத்தம் மிகக் குறைவு. கையைத் தொங்கவிடுங்கள், புறங்கையில் சிரைகள் புடைக்கும். தலைக்கு மேல் தூக்குங்கள், சில நொடிகளில் அமுங்கிவிடும். புவியீர்ப்பின் இழுப்பு அவ்வளவு!

சரி, காலிலிருந்து எப்படி ஏறுகிறது? கெண்டைக்கால் தசைதான் தூக்கிவிடுகிறது. நடக்கும்போது அது இறுகி, உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது. ரத்தம் மேலே எழும்புகிறது. தசை தளரும்போது அது கீழே இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்கின்றன. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்யும் அதே வேலை. மூச்சை உள்ளே இழுப்பதும் கொஞ்சம் உதவும்.

இந்த வால்வுகள் பழுதானால் ரத்தம் தேங்கி, சிரை வீங்கிச் சுருண்டுவிடும். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள் அவ்வப்போது நாலு எட்டு நடங்கள், முடியாவிட்டால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள்.

சிரை இப்படி வீங்கிச் சுருள்வதைத்தான் ‘நரம்பு சுருட்டல்’ என்கிறோம். ஆனால் தோலுக்கடியில் தெரியும் அந்த நீலக் கோடுகள் நரம்பு அல்ல, சிரைகள், அவற்றில் ஓடுவதும் நீல ரத்தமில்லை, கருஞ்சிவப்பு ரத்தம்தான்.